ரெண்டு சட்டி எண்ணெயக் கொட்டுனா அதுக்குப் பேரு சோதனையா?

லைன்மேடு_லோகு:
நேத்து ராத்திரி இங்க ஒருத்தர் ஒரு போட்டோவப் போட்டு "நம்ம நகராட்சி அதிரடி, பஸ் ஸ்டாண்டு கடைங்கள்ல கெட்டுப்போன எண்ணெய் அழிப்பு, இனி மக்கள் பயமில்லாம சாப்பிடலாம்"னு பெருமையா எழுதிருந்தார். படிச்சதும் எனக்குக் காந்திருச்சு. ஊரு பேரு வேணாம், சேலத்துல இருந்து முக்கா மணி நேரம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அந்த போட்டோ எடுக்கறப்ப நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன், கையில பாதி கடிச்ச மொளகா பஜ்ஜி.

நடந்தது இதுதான். ஜீப்பு வந்துச்சு, நாலு பேரு எறங்குனாங்க, கூட ஒரு கேமராக்காரர். ஒருத்தர் கடைக்காரர் கையில இருந்த கரண்டிய வாங்கி எண்ணெய மொண்டு டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பாத்தார். "கறுப்பா இருக்குதேப்பா"ன்னார். அவ்வளவுதான். கேமராக்காரர் "சார் கொஞ்சம் இந்தப்பக்கம் திரும்பிக் கவுத்துங்க, வெளிச்சம் வரல"ங்கறார், கொதிக்கற எண்ணெய் சாக்கடையில போகுது, பக்கத்துல ரெண்டு சின்னப் புள்ளைங்க நிக்குதுங்க, அது ஒருத்தர் கண்ணுலயும் படல.

பொரிக்கற எண்ணெய் கெட்டுப்போச்சான்னு சொல்றதுக்கு கணக்கு ஒண்ணு இருக்கு. டிபிசின்னு சொல்வாங்க, திரும்பத் திரும்பக் காய்ச்சறதுல எண்ணெய்க்குள்ள சேர்ற கெட்ட பொருளோட அளவு, அது 25 சதவீதத்த தாண்டக்கூடாது, 2018 ஜூலை 1ல இருந்து இதான் விதி. அத அளக்க மீட்டர் இருக்கு, நீளமா தெர்மாமீட்டர் மாதிரி, சூடான எண்ணெய்ல முக்குனா நம்பர் காட்டும். நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்கறேன். மீட்டர் வச்சாங்களா இல்லையா?

நம்மஊரு_நாகு:
அந்த போட்டோ போட்டது நான்தான், பேரச் சொல்லியே திட்டலாம் லோகு அண்ணா, "ஒருத்தர்"னு எதுக்கு மறைச்சு மறைச்சு. ஒருத்தரும் எதுவும் செய்யலன்னு வருஷம் பூரா பொலம்புவீங்க, செஞ்சா மீட்டர் எங்கம்பீங்க. எண்ணெய் தார் மாதிரி இருந்துச்சு. தாருக்கு எதுக்குங்க மீட்டரு?

லைன்மேடு_லோகு:
தாரா எண்ணெயான்னு கண்ணால சொல்ற வித்தை உங்களுக்கு இருக்கலாம், சட்டத்துக்கு இல்ல. கடலமாவுத் தூள் சட்டி அடியில தங்கிக் கருகுனாலே எண்ணெய் கறுத்துரும், பஜ்ஜி போடற வீட்டுல யாரக் கேட்டாலும் சொல்வாங்க. எதிர்மாறாவும் நடக்கும், பாக்க பளபளன்னு இருக்கற எண்ணெய் 25அ தாண்டி நிக்கும். பெரிய ஓட்டல்ல வடிகட்டி வடிகட்டி ஊத்துவான், தங்கம் மாதிரி இருக்கும், அவன் கிட்ட போறீங்களா? போகமாட்டீங்க. தள்ளுவண்டிக்காரன் சட்டியத்தான் கவுப்பீங்க. மீட்டர் வச்சாங்களா?

சட்டம்பேசி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. யார் வந்தாங்கன்னு தெரியாம பேசறதுல அர்த்தமே இல்ல. 1954ல வந்த கலப்படத் தடைச் சட்டம் இருந்த காலத்துல உள்ளாட்சியோட ஃபுட் இன்ஸ்பெக்டரே மாதிரி எடுத்து கேஸ் போடுவார். 2006 சட்டம் 2011 ஆகஸ்ட் 5ல நடைமுறைக்கு வந்ததுக்கப்புறம் அந்த அதிகாரம் மாநில உணவு பாதுகாப்புத் துறைக்குப் போயிருச்சு. மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், அவருக்குக் கீழ பகுதி பகுதியா உணவு பாதுகாப்பு அலுவலர்கள். நகராட்சி சுகாதார ஆய்வாளர் தொழில் உரிமம், குப்பை, சாக்கடை, பிளாஸ்டிக்கு, பொது சுகாதாரச் சட்டம் இதெல்லாம் பாக்கலாம், உணவு மாதிரி எடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அதுலயும் ஆய்வு வேற, மாதிரி எடுக்கறது வேற, பறிமுதல் வேற, அழிக்கறது வேற. கெட்டுப்போன பொருள அழிக்கறதா இருந்தாலும் கடைக்காரருக்கு எழுத்துல நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் அழிக்கணும். அதனால மொத கேள்வி, ஜீப்புல வந்தது எந்த டிபார்ட்மெண்ட்டு?

நம்மஊரு_நாகு:
எந்த டிபார்ட்மெண்ட்டா இருந்தா என்னங்க, கவருமெண்ட்டு ஜீப்பு தானே.

லைன்மேடு_லோகு:
எந்த டிபார்ட்மெண்ட்டா இருந்தாலும் மீட்டர் இல்ல.

சட்டம்பேசி:
நான் சொன்னதப் படிச்சீங்களா?

அம்மாபேட்ட_அக்கா:
மீட்டர் மீட்டர்னு ஆட்டோக்காரர் கிட்ட சண்ட போடற மாதிரி போடறீங்க. எங்கதையக் கேளுங்க. போன வருஷம் ஒரு கடையில, பேரு சொல்லமாட்டேன், சாயங்காலம் சில்லி சிக்கன் வாங்கிட்டு வந்தார் எங்க வீட்டுக்காரர். ராத்திரி பத்து மணிக்குப் பையனுக்கு வாந்தி ஆரம்பிச்சது, விடியக்காத்தால நாலு மணிக்கு குளுக்கோஸ் ஏறுது. மறுநா நானே உக்காந்து உணவு பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்ல புகார் அனுப்புனேன், போட்டோ, கடை எங்க இருக்கு, எல்லாம். நகராட்சியிலயும் எழுதிக் குடுத்தேன். நகராட்சியில "அது எங்க வேலை இல்ல"ன்னாங்க, உணவு பாதுகாப்புல "பாக்கறோம்"னாங்க. ஒம்பது நாள் கழிச்சு ஒருத்தர் போன் பண்றார். மொத வார்த்தை "பில்லு இருக்குதுங்களா?". நூத்தியம்பது ரூவா சிக்கனுக்கு எந்தத் தள்ளுவண்டியில பில்லு தர்றான் சொல்லுங்க. ரெண்டாவது, "மிச்சம் இருக்குதுங்களா?". ஒம்பது நாள் சிக்கன ஃபிரிட்ஜுல வச்சு சாமியா கும்புடுவாங்க? அவர் போய்ப் பாக்கறப்ப கடையில புதுசா சுண்ணாம்பு அடிச்சு, பசங்க தலையில தொப்பி, கையில கிளவுஸு. "கடை நல்லாத்தாம்மா இருக்குது"ன்னுட்டார்.

லைன்மேடு_லோகு:
அக்கா உங்க பையனுக்கு நடந்தது தப்புதான், இல்லங்கல. ஆனா பாருங்க, இதுலயும் அதேதான். அவர் போய் "நல்லாத்தான் இருக்குது"ன்னு எத வச்சு சொன்னார்? கண்ண வச்சு. மீட்டர் வச்சாரா?

அம்மாபேட்ட_அக்கா:
தம்பி, அது சிக்கன்.

லைன்மேடு_லோகு:
சில்லி சிக்கன எண்ணெய்ல தானக்கா பொரிச்சான்.

சட்டம்பேசி:
அக்கா கேஸு வேற. அவங்களோடது உணவு நஞ்சாதல், அது கிருமி சம்பந்தப்பட்டது, எண்ணெய் மீட்டருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சட்டப்படி உணவு வாங்குனவரே ஃபீஸ் கட்டி பகுப்பாய்வுக்குக் குடுக்கலாம், உணவு பகுப்பாய்வுக் கூடம் நம்ம சேலத்துலயே இருக்கு. ஒரே நிபந்தனை, வாங்கும்போதே கடைக்காரர் கிட்ட "இத ஆய்வுக்கு அனுப்பப் போறேன்"னு சொல்லிடணும்.

அம்மாபேட்ட_அக்கா:
அது சரி. "அண்ணே ரெண்டு பிளேட்டு சில்லி, வெங்காயம் கொஞ்சம் தூக்கலா போடுங்க, இத லேபுக்கு அனுப்பப் போறேன்"னு சொல்லி வாங்கணுமா? உடம்பு சரியில்லாம போகப்போறது முன்னாடியே தெரிஞ்சா நான் எதுக்குச் சாமி வாங்கறேன்.

செவ்வாப்பேட்ட_செல்வம்:
அக்கா செம. சட்டம் எழுதுனவர் கையேந்தி பவன் பக்கமே போயிருக்கமாட்டார் போல.

ஏற்காட்டு_காப்பிக்கொட்ட:
கீழ இருக்கறவங்க குடுத்து வச்சவங்க, உங்களுக்கு ஒம்பது நாள்லயாச்சும் ஆள் வருது. எங்க ஊருக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும்ங்க. மே மாசம் கோடை விழான்னா வருவாங்க, வந்தா வரிசையா பஜ்ஜிக்கடையில நின்னு பாத்துட்டு, ஒருத்தன் ஃபிளக்ஸ் போர்டு அவன் எடத்துக்கு வெளிய நீட்டிட்டு இருக்கும், அதக் கழட்டச் சொல்லிட்டு எறங்கிடுவாங்க. ஜூலை ஆகஸ்ட்ல மழை புடிச்சுக்குச்சுன்னா டூரிஸ்ட்டு கம்மி, அப்பத்தான் பிரச்சனையே, ஒரு நாளைக்கு பத்து பிளேட்டுதான் போகும், அந்த எண்ணெய கடைக்காரன் கொட்டுவானா? மறுநாளைக்கு அதுக்கு மேலயே புதுசு ஊத்துவான், அப்படியே ஒரு வாரம். கூட்டம் இருக்கறப்ப எண்ணெய் தானா தீந்துரும், கூட்டம் இல்லாதப்பதான் கெடும். இவங்க வர்றதே கூட்டம் இருக்கறப்ப மட்டும்.

லைன்மேடு_லோகு:
பாத்தீங்களா! இவர் சொல்றது எம் பாயிண்டு. பழசுக்கு மேல புதுசு ஊத்துனா கலர் மாறிடும், கண்ணுக்கு நல்லா தெரியும், டிபிசி கலந்த கணக்குக்குக் கொஞ்சம் எறங்கும், ஆனா பழசுல இருந்த கெட்டது உள்ளயே தான் நிக்கும். கண்ணால கண்டுபுடிக்கவே முடியாது. அப்ப என்ன வேணும்? மீட்டர்.

ஏற்காட்டு_காப்பிக்கொட்ட:
நான் உங்க பாயிண்ட்டச் சொல்லலீங்க, ஆளே வர்றதில்லன்னு சொல்றேன். மீட்டர் தனியா பஸ் ஏறி மேல வருமா?

நம்மஊரு_நாகு:
ஹாஹா. லோகு அண்ணாவுக்கு அந்த மீட்டர் மேல ஏன் இவ்வளவு பாசம்னு எனக்குத் தெரியும், அப்பறம் சொல்றேன்.

லைன்மேடு_லோகு:
இப்பவே சொல்லுங்க. மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம், எனக்கு ஒண்ணும் கனமில்ல.

செவ்வாப்பேட்ட_செல்வம்:
அட எண்ணெய விடுங்கப்பா. அதே ரெய்டுல தட்டுவடை செட்டு, அதான் ரெண்டு தட்டைக்கு நடுவுல சட்னியும் காயும் வச்சுத் தர்றது, அத விக்கற பாட்டிக்கும் அபராதம் போட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், சிவப்பு சட்னியில கலர் பொடின்னு. சேலத்துக்காரன் தட்டுவடை செட்டு மேல கை வைக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும். அந்தச் சிவப்பு வரமொளகாயும் பூண்டும், மேல தூவறது பீட்ரூட்டு கேரட்டு. கண்ணால பாத்து கலர்னு சொல்றவனுக்கு மொத ஒரு செட்டு வாங்கிக் குடுங்க.

ஓமலூரான்:
எல்லாரும் மொளகாயில தான் அரைக்கறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? 2024 பிப்ரவரியில பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டாங்களே, ரோடமின் பி இருந்துச்சுன்னு, துணிக்குப் போடற சாயம் அது. அது வரைக்கும் எல்லாரும் ரோஸ் கலர் அழகா இருக்குன்னு தானே புள்ளைக்கு வாங்கிக் குடுத்தோம்.

செவ்வாப்பேட்ட_செல்வம்:
பஞ்சு மிட்டாயும் தட்டுவடையும் ஒண்ணா? நீங்க ஓமலூர்னு பேரு வச்சிருக்கீங்க, அந்தப் பக்கத்து வெல்லத்துல ஹைட்ரோஸ் போட்டு வெளுப்பாக்கறது, சக்கரையக் கலக்கறது, பொங்கலுக்குப் பொங்கல் மூட்ட மூட்டையா புடிக்கறாங்களே, அதப் பேசலாமா?

ஓமலூரான்:
எங்க வெல்லத்தப் பத்திப் பேசாதீங்க. வெள்ளையா இருந்தாத்தான் மண்டியில வெல ஏறுது, கறுப்பு வெல்லம் கொண்டு போனா "என்னப்பா இது மண்ணு மாதிரி"ங்கறான் வாங்கறவன். விவசாயி என்ன பண்ணுவான். செவ்வாப்பேட்டைக்காரர் வெலை வச்சாத்தான் நாங்க கறுப்பாவே காய்ச்சித் தர்றோம்.

லைன்மேடு_லோகு:
வெல்லமும் வேணாம் தட்டுவடையும் வேணாம், தடம் மாத்தாதீங்க. ஆனா இங்கயும் அதே கத தான் பாருங்க, கலரு. எண்ணெய் கறுப்பா இருந்தா கெட்டது, வெல்லம் வெள்ளையா இருந்தா நல்லது, சட்னி சிவப்பா இருந்தா சாயம். மொத்தமே கண்ணு தான். அளந்து பாத்தா தானே தெரியும்.

சட்டம்பேசி:
சட்னிக்கு மீட்டர் கிடையாது. மாதிரி எடுத்து நாலு பாகமாப் பிரிச்சு, சீல் வச்சு, ஒண்ணு பகுப்பாய்வாளருக்கு, ரெண்டு நியமன அலுவலருக்கு, இன்னொண்ணு கடைக்காரர் கேட்டா அங்கீகாரம் உள்ள லேபுக்கு. பகுப்பாய்வாளர் 14 நாளைக்குள்ள அறிக்கை தரணும். தரமில்லன்னு வந்தா நம்ம மாநிலத்துல மாவட்ட வருவாய் அலுவலர் (டிஆர்ஓ) கிட்ட விசாரணை, உயிருக்கு ஆபத்தானதுன்னு வந்தா கோர்ட்டு. ஒரு வருஷத்துக்குள்ள கேஸ் போடலன்னா, உணவு பாதுகாப்பு கமிஷனர் நீட்டிச்சாலொழிய, காலாவதி. உண்மையான ஓட்டை எங்க இருக்குன்னா, சட்டியக் கவுத்ததோட சாட்சியும் சாக்கடைக்குப் போயிருச்சு. மாதிரி எடுக்கல, அறிக்கை இல்ல, கேஸ் இல்ல. கடைக்காரர் தப்பு பண்ணிருந்தாலும் தப்பிச்சார், பண்ணலன்னாலும் நஷ்டப்பட்டார்.

நம்மஊரு_நாகு:
கேஸ் இல்லன்னு யார் சொன்னா? அபராதம் போட்டு ரசீது குடுத்தாங்க, நானே பாத்தேன். 2000 ரூவா.

லைன்மேடு_லோகு:
அந்த ரசீத நானும் பாத்தேன், நல்லா வாங்கிப் பாத்தேன். கடைக்காரர் கல்லா டப்பாவுக்கு அடியில எண்ணெக் கையோட வச்சிருந்தார், ரோஸ் கலர் பேப்பர், பாதி எழுத்து ஊறிப்போச்சு. அதுல என்ன எழுதிருந்துச்சு தெரியுமா? "தடை செய்யப்பட்ட நெகிழிப் பை." எண்ணெய்னு ஒரு எழுத்து இல்ல! 2019 ஜனவரியில வந்த பிளாஸ்டிக் தடை அது. சட்னி கட்டற கவருக்கு ஃபைன் போட்டுட்டு எண்ணெயக் கொட்டி போட்டோ எடுத்துருக்காங்க. எண்ணெய்க்கு ஏன் எழுதல? எழுதுனா எவ்வளவுன்னு நம்பர் போடணும். நம்பர் எங்கருந்து வரும்? மீட்டர்ல இருந்து. மீட்டர் எங்க?

சட்டம்பேசி:
அப்ப வந்தது நகராட்சி ஆளுங்க. நான் மொதல்லயே கேட்டேன்.

நம்மஊரு_நாகு:
கவர்ல கட்டுனதும் தப்புதான, தப்புக்கு ஃபைன் போட்டாங்க, அதுல என்ன உங்களுக்கு எரியுது? சூடான சட்னிய கவர்ல ஊத்தி ரப்பர் பேண்டு போட்டுக் குடுக்கறான், பஜ்ஜிய நியூஸ் பேப்பர்ல வைக்கறான், அச்சு மை அப்படியே பஜ்ஜியில ஒட்டுது, போன வாரம் நான் தின்ன பஜ்ஜியில ராசிபலனே படிக்கலாம் போல இருந்துச்சு.

அம்மாபேட்ட_அக்கா:
என்ன ராசி?

ஏற்காட்டு_காப்பிக்கொட்ட:
பேப்பர்ல வைக்காம வேற எதுல வைக்கறதாம், கவர் வேணாம்னுட்டாங்க, பேப்பர் வேணாங்கறாங்க, வாழயில காத்துக்குப் பறக்குது. எங்களுக்கு மேல காத்து எப்படி அடிக்கும்னு கீழ இருக்கறவங்களுக்குத் தெரியாது.

செவ்வாப்பேட்ட_செல்வம்:
மந்தார எலயில வைங்க. எங்க தாத்தா காலத்துல அதுலதான் வச்சாங்க.

ஓமலூரான்:
உங்க தாத்தா காலத்துல தட்டுவடை செட்டே கிடையாது.

செவ்வாப்பேட்ட_செல்வம்:
எங்க தாத்தாவப் பத்தி நீ பேசாத. "நீங்க"ன்னு மரியாதையா பேசிட்டு இருந்தேன், நீதான் ஆரம்பிச்சது.

லைன்மேடு_லோகு:
தாத்தாவ விடுங்க. நாகு அவர்களே, பதில் வரல. மீட்டர் வச்சாங்களா இல்லையா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு.

நம்மஊரு_நாகு:
சரி இப்பச் சொல்றேன். எல்லாரும் கேட்டுக்கோங்க. அன்னைக்குச் சட்டி கவுந்துச்சே, அந்த வண்டி யாரோடது? நம்ம லோகு அண்ணாவோட மச்சானோடது. பாதி கடிச்ச பஜ்ஜியாம், சும்மா நின்னுட்டிருந்தாராம். தெனம் பொழுதோட அங்கதான் கல்லாவுல உக்காந்திருப்பார். வேலிக்கு ஓணான் சாட்சி.

லைன்மேடு_லோகு:
மச்சான் வண்டிதான். நான் இல்லன்னு எங்கயாச்சும் சொன்னேனா? யாரும் கேக்கல, நான் சொல்லல. அதுக்காக எண்ணெய் நாத்தம் அடிச்சிருமா? அவன் 100 ரூவா கட்டி எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம், அதுல பதிவு வாங்கி, அந்தப் பதினாலு இலக்க நம்பர வண்டி கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கான், பக்கத்துல ஏழெட்டு வண்டி இருக்கு, எத்தன பேர் ஒட்டிருக்கான் பாருங்க. எண்ணெய ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்தறான். அன்னைக்கு அது ரெண்டாவது நாள். கொட்டுனதுல பத்துப் பன்னெண்டு லிட்டர் போச்சு, பாமாயில் விக்கற வெலைக்கு அவனுக்கு மூணு நாள் லாபம். சொந்தக்காரன்ங்கறதால தான் நான் கிட்ட நின்னு பாத்தேன், வேற யாரும் பாக்கல. சொந்தக்காரன் சொன்னா மீட்டர் முளைச்சிருமா?

நம்மஊரு_நாகு:
"அன்னைக்கு அது ரெண்டாவது நாள்". நாலாவது நாளா கூட இருக்கலாம், உங்க கிட்ட மட்டும் மீட்டர் இருக்கா?

லைன்மேடு_லோகு:
எங்கிட்ட இருக்கணும்னு சட்டம் இல்ல, கொட்டறவன் கிட்ட இருக்கணும்.

சட்டம்பேசி:
ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல பயன்படுத்தறவங்க எண்ணெய்க்குக் கணக்கு எழுதி வைக்கணும். தள்ளுவண்டிக்கு அது வராது. ஆனா வாங்குன பில்லு இருந்தா எத்தன நாள் எண்ணெய்னு ஓரளவுக்குக் காட்டலாம். பில்லு இருக்கா லோகு சார்?

லைன்மேடு_லோகு:
நீங்க யார் பக்கம்?

சட்டம்பேசி:
யார் பக்கமும் இல்ல. பில்லு இருக்கான்னு தான் கேட்டேன்.

அம்மாபேட்ட_அக்கா:
எங்கிட்ட கேட்ட அதே கேள்வி. இப்பத் தெரியுதா தம்பி, பில்லு இருக்குதுங்களான்னு கேட்டா எப்படிச் சுருக்குங்குதுன்னு.

லைன்மேடு_லோகு:
அக்கா நீங்களுமா. மளிகைக் கடையில டின் வாங்கறதுக்கு பில்லு எவன் தர்றான். சரி நான் இன்னொண்ணு கேக்கறேன். 2023 செப்டம்பர்ல நாமக்கல்ல ஷவர்மா சாப்ட்டு ஒரு சின்னப் பொண்ணு செத்துச்சே, அதுக்கப்பறம் ஒரு வாரம் எல்லா ஊர்லயும் ஷவர்மா கடை ஷவர்மா கடையா ஏறி எறங்குனாங்க. அப்பறம்? 2025 ஏப்ரல்ல பச்ச முட்ட மயோனைஸுக்கு ஒரு வருஷம் தடைன்னாங்க, அடுத்த வாரமே எல்லாக் கடையிலயும் "எக்லெஸ்"னு ஸ்டிக்கர் வந்துருச்சு, உள்ள என்ன இருக்குன்னு எவன் பாத்தான்? ஏதாச்சும் நடந்தா ஒரு வாரம் ஜீப்பு, போட்டோ, அப்பறம் அடுத்த சாவு வரைக்கும் தூக்கம். அதுல மாட்டறது யாரு, ஏசி போட்ட கடையா, மச்சான் மாதிரி ரோட்டுல நிக்கறவனா? நான் எம் மச்சானுக்காகப் பேசல.

நம்மஊரு_நாகு:
"மச்சான் மாதிரி", "மச்சானுக்காகப் பேசல". ஒரே பத்தியில ரெண்டும்.

செவ்வாப்பேட்ட_செல்வம்:
லோகு இப்படித்தான். போன சீசன்ல மாங்கா பெட்டி அனுப்பறேன்னு இங்க ஆறு பேர் கிட்ட காசு வாங்கினார், மல்கோவான்னு சொன்னார், வந்த பெட்டியில மேல மஞ்சளா வெளியில பழம், அறுத்தா உள்ள கொட்டையச் சுத்தி வெள்ளையா புளிப்பு. கார்பைடு கல்லுன்னு நான் சொன்னேன். அன்னைக்கு இவர் என்ன சொன்னார் தெரியுமா? "கண்ணால பாத்தாலே தெரியும், இது மரத்துப் பழம்". அன்னைக்கு கண்ணு நல்லா வேலை செஞ்சுதே!

லைன்மேடு_லோகு:
அந்த மாங்காய மறுபடியும் எடுக்கறீங்களா. அது எத்திலீன் வாயுல பழுத்தது, அது சட்டப்படி அனுமதி, கார்பைடு தான் தடை. உங்களுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. மத்த அஞ்சு பேரும் நல்லாருக்குன்னாங்க.

ஓமலூரான்:
நான் அந்த அஞ்சுல ஒருத்தன். நல்லாருக்குன்னு சொல்லல, ஒண்ணும் சொல்லல.

செவ்வாப்பேட்ட_செல்வம்:
ஓமலூர் தம்பி இப்பத்தான் ஒரு உருப்படியான வார்த்த பேசுது. மாங்காய்க்கு மீட்டர் வச்சீங்களா லோகு?

லைன்மேடு_லோகு:
மாங்காயும் எண்ணெயும் ஒண்ணா?

செவ்வாப்பேட்ட_செல்வம்:
பஞ்சு மிட்டாயும் தட்டுவடையும் ஒண்ணான்னு நான் கேட்டப்ப நீங்க "மொத்தமே கண்ணு தான்"னீங்க.

ஏற்காட்டு_காப்பிக்கொட்ட:
ஏனுங்க, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கொட்டுனதுக்கு அடுத்த நாள் அந்த வண்டி இருந்துச்சா இல்லையா? மூடச் சொல்லி எழுத்துல ஏதாச்சும் குடுத்தாங்களா?

லைன்மேடு_லோகு:
எங்க குடுத்தாங்க. "பாத்து நடந்துக்கோப்பா"ன்னு வாயில சொன்னதோட சரி. மறுநாள் நாலு மணிக்கு வழக்கம் போல அடுப்பு பத்த வச்சாச்சு. எண்ணெய் புதுசு.

நம்மஊரு_நாகு:
சட்டி?

லைன்மேடு_லோகு:
சட்டி அதே சட்டிதான். சட்டியையுமா மாத்துவாங்க?

நம்மஊரு_நாகு:
தேச்சுக் கழுவுனதா?

லைன்மேடு_லோகு:
அந்த ஜீப்புக்காரர் கூட சட்டியப் பத்திக் கேக்கல, நீங்க கேக்கறீங்க. பேசாம நீங்க அந்த வேலைக்குச் சேந்துருங்க, போட்டோவுக்கும் நல்லா போஸு குடுப்பீங்க.

சட்டம்பேசி:
சட்டி ஓரத்துல ஏறுன பழைய படிமம் புது எண்ணெயையும் சீக்கிரம் கெடுக்கும். அது முக்கியமான கேள்வி. அப்பறம் அந்தக் கொட்டுன எண்ணெய், அத சாக்கடையில ஊத்தறதே தப்பு, பயன்படுத்துன எண்ணெய சேகரிச்சு பயோடீசலுக்கு அனுப்பற திட்டம் 2018ல இருந்து இருக்கு, சாக்கடைய நாறாம வச்சுக்க வேண்டிய நகராட்சியே அதுல எண்ணெய ஊத்துனா

லைன்மேடு_லோகு:
அதான் நானும் சொல்றேன், மீட்டரும் இல்ல, எண்ணெய எங்க கொட்டணும்னும் தெரியல.

சட்டம்பேசி:
நான் முடிக்கல.

அம்மாபேட்ட_அக்கா:
எம் புகாருக்கு என்னாச்சுன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? "தீர்வு காணப்பட்டது"ன்னு மெசேஜ் வந்துச்சு. என்ன தீர்வுன்னு கேட்டு மறுபடியும் அனுப்புனேன், ரெண்டு டிக்கு விழுந்துச்சு, நீலமா மாறவே இல்ல. எட்டு மாசம் ஆச்சு. அந்தக் கடை இப்ப ரெண்டாவது பிராஞ்ச்சு தொறந்திருக்கான், தொறப்பு விழாவுக்கு யார் யாரு வந்தாங்கன்னு ஃபிளக்ஸப் பாத்தேன், வேணாம் விடுங்க.

ஓமலூரான்:
யாருக்கா வந்தாங்க?

அம்மாபேட்ட_அக்கா:
விடுங்கன்னேன்ல.

நம்மஊரு_நாகு:
அக்கா நகராட்சியில இப்ப நல்ல ஆளுங்க வந்திருக்காங்க, நான் பேசிப் பாக்கறேன். குறை சொல்லிட்டே இருந்தா வேலை செய்யறவங்களுக்கும் மனசு விட்டுரும்.

லைன்மேடு_லோகு:
பேசறப்ப அப்படியே மீட்டர் இருக்கான்னும் கேட்டுட்டு வாங்க.

நம்மஊரு_நாகு:
நானே என் சொந்தக் காசுல ஒண்ணு வாங்கறேன். ஞாயித்துக்கெழம உங்க மச்சான் வண்டிக்கு வர்றேன், எல்லார் முன்னாடியும் முக்கறேன். 25அ தாண்டுச்சுன்னா என்ன பண்றீங்க?

லைன்மேடு_லோகு:
வாங்க. ஆனா எண்ணெய் சூடா இருக்கறப்ப முக்கணும், ஆறிப்போனதுல முக்கிட்டு நம்பரக் காட்டக்கூடாது. ஞாயித்துக்கெழம வேணாம், அன்னைக்குக் கூட்டம், திங்கக்கெழம வாங்க.

ஏற்காட்டு_காப்பிக்கொட்ட:
திங்கக்கெழமயா, எண்ணெய் மாத்தற நாளா?

லைன்மேடு_லோகு:
உங்களுக்கு அங்க பஜ்ஜி விக்கலன்னா அதுக்கு நான் என்னங்க பண்றது.